இடுப்பில் மாட்டிக்கொண்ட மடக்குக் கத்தி

மல்லாட்டை எண்ணெய், அதாவது நிலக்கடலை எண்ணெய், பழசாகிச் சிக்கு ஏறினால் அதற்கென்று ஒரு வாசனை வரும். ஈரச் சாக்கும், நேற்று வடை சுட்ட சட்டியும், மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தையின் உச்சந்தலையும் கலந்துகட்டிய வாசனை அது. எங்கே அது மூக்கில் ஏறினாலும் இன்றைக்கும் என் வயிறு என்னைக் கேட்காமலே உள்ளே ஒடுங்கிக்கொள்கிறது. ஐம்பதைத் தாண்டிய தொப்பை எவ்வளவு ஒடுங்கும் என்று நீங்கள் கேட்கலாம். ஒடுங்கப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில், எங்கள் புன்செய்க் கொல்லையில் விளைந்த மல்லாட்டையைச் செக்கில் கொடுத்து ஆட்டி வந்த எண்ணெய்தான் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும். குழம்புக்கு அதுதான், தலைக்கு அதுதான், கிணற்றுக் கப்பிக்கும் சைக்கிள் சங்கிலிக்கும் கீச்சிடும் கதவுக்கும் அதுதான். அப்பாவின் மடக்குக் கத்திக்கும் அதையேதான் விட்டார்கள். பாண்டிச்சேரிக் கடையில் வாங்கிய கத்தி அது; இரண்டு பக்கமும் மாட்டுக்கொம்புப் பிடி, கழுத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஒரே ஒரு தடித்த ஸ்க்ரூ. மடக்க இறுக்கமாக இருக்கிறதே என்று யாராவது ஒரு சொட்டு விடுவார்கள். அந்தச் சொட்டு வெயிலில் காய்ந்து, மண்ணைச் சேர்த்துக்கொண்டு, கோந்தாகி இன்னும் இறுகும். அதைப் பார்த்து இன்னொருவர் இரக்கப்பட்டு இன்னொரு சொட்டு விடுவார். இப்படியே வருஷக்கணக்கில் எங்கள் குடும்பம் அந்தக் கத்தியை அன்பாலேயே கெடுத்தது. ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று அரிவாள் நுனி, பழைய காலணா, கோணி ஊசி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் விட்டுத் திருகியதில் அதன் தலையிலிருந்த வெட்டு வாய் தேய்ந்து, பொக்கை வாய்க் கிழவனின் ஈறு மாதிரி மொழுக்கென்று ஆகிவிட்டது. அப்பாவுக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. மூடாத கத்தி என்றால் திறக்கிற வேலை மிச்சம் என்பது அவர் கட்சி.

கத்தி இப்படி என்றால் என் இடுப்பிலிருந்த "அர்ணாக்கொடி" வேறு மாதிரி. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாக நான் பிறந்ததும் அம்மா எங்கள் எல்லையம்மனிடம் வேண்டிக்கொண்டு ஒரு வெள்ளிக் கொடி செய்து, நகை செய்கிற பத்தரை வீட்டுக்கே வரவழைத்து, என் இடுப்பிலேயே வைத்து அதன் வாயைப் பற்றவைத்துவிட்டாள். அதிகமாக விட்டிருந்த நீளத்தைச் சின்ன முடிச்சாகப் போட்டிருந்தார்கள். நான் வளர வளர அவிழ்ந்து அவிழ்ந்து முடிச்சு தீர்ந்துபோயிருந்தது. பன்னிரண்டு வயசு முடிகிற ஆடியில் அதைக் கழற்றி அம்மன் உண்டியலில் போடுவதாக வேண்டுதல். அதுவரை அது அறுபடக் கூடாது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அம்மா என் சட்டையைத் தூக்கிக் காட்டி, "இதாலதான் உசுரு நிக்குது" என்பாள். உயிர் என்றால் நெஞ்சுக்குள்ளே எங்கேயோ இருக்கும் என்று மற்றப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்த வயசில் எனக்கு அது எங்கே இருக்கிறது, எத்தனை கண்ணி, எந்தக் கண்ணி கொஞ்சம் நசுங்கியிருக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி.

பதினோரு வயசில், கோடை லீவில், மல்லாட்டை பிடுங்குகிற நாட்களில்தான் இரண்டும் சந்தித்துக்கொண்டன. கொல்லையில் ஆள்கள் வரிசையாகக் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஈர மண்ணும் பச்சைக் காயும் சேர்ந்த வாசனையில் வெயிலே கிறங்கிப்போய் நின்றுகொண்டிருந்தது. மாங்காய் அறுக்கப் போன நான், இரண்டு கையும் வேண்டுமே என்று, பாதி திறந்தே கிடக்கும் கத்தியை இடுப்புக் கொடியில் செருகிக்கொண்டு மரமேறினேன். பறித்தேன், தின்றேன், கிளையில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணைக்கூட மூடியிருந்தேன். பிறகு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வயிறு உரச இறங்கினேன். பாதி வழியில் "டக்" என்று ஒரு சத்தம். யார் மடக்கியும் முழுசாக மடங்காத கத்தி, மரம் அழுத்தியதும் மடங்கிவிட்டது. மடங்கும்போது என் கொடியின் இரண்டு கண்ணிகளை வாய்க்குள் இழுத்துக் கவ்விக்கொண்டது.

இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. பிரித்துப் பார்த்தேன். நகம் வைக்கிற பள்ளம் பிடிக்குள்ளே புதைந்துவிட்டிருந்தது. நான் கத்திக் கூச்சல் போடவில்லை. அதைப் பார்த்து, பையன் தைரியசாலி என்று ஆள்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையில் எனக்குக் குரலே வரவில்லை. கத்தியைப் பிடுங்கினால் கொடி அறும், கொடி அறுந்தால் உயிர் போகும், ஆகவே என் சாவு மாட்டுக்கொம்புப் பிடி போட்டுக்கொண்டு என் தொப்புளுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன், அவ்வளவு தெளிவு திரும்ப வரவில்லை.

அப்பா முதலில் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இன்னாடா இது, வயித்துல கத்தி காய்ச்சிருக்குது."

சிரித்துக்கொண்டே திருப்புளியைக் கொண்டுவந்து ஸ்க்ரூவில் வைத்தார். அது வழுக்கியது. திரும்ப வைத்தார். திரும்ப வழுக்கியது. சிரிப்பு நின்றது. எந்த ஸ்க்ரூவானாலும் தலை மழுங்கி மாட்டிக்கொண்டால் மூன்று வைத்தியம் உண்டு: கிருஷ்ணாயில் விட்டு ஊறவைக்கலாம், நெருப்பில் காட்டலாம், சுத்தியலால் தட்டி அசைக்கலாம். கிருஷ்ணாயில் விட்டார். அது ஸ்க்ரூவுக்குள் போகாமல் என் வயிற்றில் வழிந்து எரிந்தது. சுத்தியலால் லேசாகத்தான் தட்டினார். ஒவ்வொரு தட்டும் என் குடலுக்குள் கோயில் மணி மாதிரி கேட்டது. தீப்பெட்டியை எடுத்தபோது அம்மா பார்த்த பார்வையில் அதைத் திரும்ப மடியிலேயே வைத்துக்கொண்டார். கத்திக்கு வந்தது சரியாகிற வியாதிதான், நடுவில் என் வயிறு இருந்ததுதான் தொந்தரவு.

"ஒரு கண்ணிய வெட்டிட்டாப் போதும்மே. அப்பறமா பத்தர்கிட்ட குடுத்து சேத்துக்கலாம்" என்று அப்பா கட்டிங் பிளேயரை எடுத்தார்.

"வெட்டணும்னா எங்கழுத்துல கெடக்கறத வெட்டிக்கினு போங்க. அவன் இடுப்புல கைய வெக்காதீங்க" என்றாள் அம்மா, குரலை உயர்த்தாமலே. அப்பா கட்டிங் பிளேயரைக் கீழே வைத்தார். அம்மா அதை எடுத்துக் கேப்பைக் குதிருக்குள் போட்டுவிட்டாள்.

அறுக்காமல் கழற்ற முடியுமா என்றும் பார்த்தார்கள். என்னை நிற்கவைத்து இடுப்பைச் சுற்றி எண்ணெய் தடவிக் கொடியைக் கீழே தள்ளினார்கள், இடுப்பெலும்பு விடவில்லை. கையைத் தூக்கச் சொல்லி மேலே தள்ளினார்கள், விலா விடவில்லை. எந்த எண்ணெய் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் நான் ஒரு கூடை வடையைவிட அதிகமாக மினுமினுத்துக்கொண்டு நின்றேன். கத்தி முன்னைவிடச் சுகமாகத் தொங்கியது.

"எந்தம்பிகிட்ட இட்டுக்கினு போறேன்" என்று அம்மா முடிவு செய்தாள். விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஃபேன், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டியெல்லாம் ரிப்பேர் செய்கிற கடை வைத்திருந்தார் மாமா. கொல்லையில் ஆள் நிற்பதால் அப்பா வரவில்லை. நானும் அம்மாவும் மட்டும் பஸ் ஏறினோம்.

சட்டைக்கு மேலே துண்டைச் சுற்றி, அதற்கு மேலே இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா கண்ணு, வயித்தப் புடிச்சிக்கினே வர்ற?"

"ஒண்ணுமில்லக்கா, ஒரு சாமான் மாட்டிக்கிச்சு" என்றாள் அம்மா.

"முழுங்கிட்டானா?"

"இல்லக்கா, வெளியதான்."

அந்த அம்மாளுக்கு அது பிடிபடவில்லை. கூட்டேரிப்பட்டு வரைக்கும் யோசித்துவிட்டு, "எதுக்கும் தொப்புள்ல ரெண்டு சொட்டு எண்ண வுடு. சரியாப் பூடும்" என்றாள்.

மாமா என்னைப் பார்த்ததும் பிரித்துப்போட்டிருந்த மிக்ஸியை ஒதுக்கிவிட்டு அந்த மேசையிலேயே என்னை மல்லாக்கப் படுக்கவைத்தார். வயிற்றுக்கு மேலே குண்டு பல்பை இழுத்துக் கட்டினார். "மாப்ளே, எங்கைக்கு அடங்காத ஸ்க்ரூ இந்த ஜில்லாலயே கெடையாது. நீ கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடும்" என்றார். நான் கண்ணை மூடினேன். திறந்தேன். வரவில்லை.

முதலில் சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி, ஸ்க்ரூவின் தலைக்கும் திருப்புளிக்கும் நடுவே வைத்து அழுத்தித் திருகினார். ரப்பர் பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு. ரப்பர்தான் பிய்ந்து வந்தது. அடுத்து இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்து மழுங்கின தலையில் புதிதாக ஒரு வாய் அறுக்க ஆரம்பித்தார். அந்த அதிர்வு வயிறெல்லாம் பரவிக் கிச்சுக்கிச்சு மூட்டியது. சாகப் போகிறோம் என்ற நிச்சயத்தோடு ஒருவன் விழுந்து விழுந்து சிரித்ததை நான் என்னிடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"சிரிக்காத மாப்ளே, கத்தி ஆடுது."

"நான் சிரிக்கல மாமா."

"பின்ன யார்ரா சிரிக்கறது, மிக்ஸியா?"

வாய் விழுந்துவிட்டது. பெரிய திருப்புளியை அதில் பொருத்தி, மாமா தன் உடம்பு பாரத்தையெல்லாம் அதன்மேல் ஏற்றித் திருகினார். ஸ்க்ரூ அசையவில்லை, திருப்புளி அசைந்தது. விருட்டென்று சறுக்கி என் தொப்புளுக்குப் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டது. கொசு அடித்தால் வருமே, அந்த அளவு ரத்தம். ஆனால் பல்பு வெளிச்சத்தில் அது பளிச்சென்று இருந்தது.

அம்மா முந்தானையால் அந்த ரத்தத்தை ஒற்றினாள். திரும்ப ஒரு சொட்டு வந்தது. அதையும் ஒற்றினாள்.

"வெட்டிடு" என்றாள்.

"இன்னாக்கா, வேண்டுதல வச்சிக்கினு..."

"கொடிய வெட்டுடா தம்பி. திருப்புளிய இனிமே அவன் வயித்துக்கிட்ட கொண்டாராத."

நான் எழுந்து உட்கார்ந்து கத்தியையும் கொடியையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். இத்தனை மணி நேரமாக வராத கூச்சல் அப்போதுதான் வந்தது. "வேணாம்மா. நான் செத்துடுவேன்."

"யார்ரா சொன்னது?"

"நீதான்."

அம்மா என்னையே பார்த்தாள். மாமா ஏதோ தேடுகிறவர் போல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார். ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் போய் முடிந்தது. பிறகு அவள், குழம்புக்கு உப்பு போதும் என்று சொல்கிற குரலில், "அது சும்மா சொன்னது. ஒண்ணும் ஆவாது. நான் இருக்கறேன்ல" என்றாள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கட்டிங் பிளேயர் "டிக்" என்றது. அவ்வளவு சின்னச் சத்தத்தில் அவ்வளவு பெரிய காரியம் முடிந்துபோயிற்று.

இடுப்பிலிருந்து இறங்கியதும் கத்தியின் கௌரவமெல்லாம் போய்விட்டது. மாமா அதைக் குறட்டால் பிடித்துப் பக்கத்து டீக்கடை அடுப்பில் கழுத்தைக் காட்டினார். பழைய எண்ணெய் சுடச்சுட வடை வாசனை கிளம்பி, பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாகு மாதிரிப் பழுப்பாக ஏதோ வழிந்தது. கொண்டுவந்து சுத்தியலால் இரண்டு தட்டு. புதுசாக அறுத்த வாயில் திருப்புளியை வைத்து ஒரு திருகு. சமர்த்தாக வந்துவிட்டது ஸ்க்ரூ. "பாத்தியா மாப்ளே, சொன்னேன்ல" என்று மாமா அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நான் பார்க்கவில்லை. செத்துப்போனவனுக்கு ஸ்க்ரூவில் என்ன ஆசை?

திரும்பி வந்த பயணம்தான் எனக்கு இன்னும் கனவு மாதிரி இருக்கிறது. டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடிமேல் என்னை உட்காரவைத்துவிட்டு அம்மா பின்னால் நின்றாள். செத்தவர்களுக்குத் தாங்கள் செத்தது உடனே தெரியாது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அதனால் கவனமாக இருந்தேன். கண்டக்டர் வந்தார், எனக்குப் பின்னால் நின்ற அம்மாவிடம் டிக்கெட் கொடுத்தார், என்னை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் போனார். சரி, ஒன்று. ஒருவர் தன் சாக்கு மூட்டையைத் தூக்கி ஆளே இல்லாத இடம்போல என் மடியில் வைத்தார். சரி, இரண்டு. இன்ஜின் சூடு பின்பக்கத்தைப் பொசுக்கியது. அதை மட்டும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் ஒத்திவைத்தேன்.

முண்டியம்பாக்கத்தில் கரும்பு வண்டிகள் வரிசையாக நின்றன. மாடுகள் கண்ணை மூடிக்கொண்டு அசைபோட்டன. காற்றில் பாகு வாசனை. சாயங்கால வெயில் எல்லாவற்றின்மேலும் மெல்லிசாகத் தடவிவைத்த மாதிரி கிடந்தது. ஏரித் தண்ணீருக்குள் ஒரு பையன் எருமையின்மேல் உட்கார்ந்து எங்கேயும் போகாமல் போய்க்கொண்டிருந்தான். புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் பின்னால் போயின. இனி இதெல்லாம் என்னுடையதில்லை என்று நினைத்தேன். நினைத்ததும் எல்லாம் அழகாகிவிட்டது. அழுகை வரவில்லை, ஒருவித நிம்மதிதான் வந்தது. ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டாம். என் காரியத்துக்கு வடை பாயசம் போடுவார்களே, அதில் எனக்கு எப்படிக் கொடுப்பார்கள் என்ற ஒரு கவலைதான். காக்காய்க்கு வைப்பார்கள். காக்காய் எனக்கு முன்னால் வந்துவிட்டால்?

வீட்டில் நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது. ஆவியைக் கண்டால் நாய் குரைக்கும் என்பார்கள், ஆனால் அது என் நாய், என் ஆவியையும் மன்னித்திருக்கலாம். அப்பா கத்தியைத் திறந்து மூடி, திறந்து மூடி, "என்னமா வேல செய்து பாரு" என்று பூரித்தார். ராத்திரி சோறு இறங்கியபோதுதான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியது. மூன்றாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டபோது உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா அறுந்த கொடியை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு எல்லையம்மனிடம் போனாள். நானும் போனேன். உண்டியலில் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி, "ஒரு வருசம் முன்னாடியே குடுத்துட்டேன். மிச்சத்த நீ பாத்துக்க" என்றாள். கும்பிட்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இவ்வளவு தைரியம் இருக்கிறவள் ஏன் இத்தனை வருஷம் கொடி கொடி என்று அடித்துக்கொண்டாள் என்று எனக்கு அவள்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அந்தக் கோபம் சாப்பிட்டுப் படுக்கிற வரைக்கும்தான். அந்தக் கோடையில் மத்தியானத்தில் எல்லாரும் கூடத்தில் படுப்போம். ஓட்டுக் கண்ணாடி வழியாக ஒரு சதுர வெயில் தரையில் நகர்ந்துகொண்டிருக்கும். தூக்கம் வருகிற நேரத்தில் அம்மாவின் உள்ளங்கை சத்தமில்லாமல் என் வயிற்றின்மேல் வந்து உட்காரும். தடவாது, தட்டாது. ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு அப்படியே இருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். என் குறும்பு என்னை விடுமா? மூச்சை அடக்கிப் பார்த்தேன். அந்தக் கை முதலில் அழுத்தியது. பிறகு அவசரமாக என் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தது. "சும்மா சொன்னது" என்று மாமா கடையில் சொன்னாளே, அதைத்தான் அவள் சும்மா சொல்லியிருக்கிறாள் என்று அப்போது புரிந்தது. புஸ்ஸென்று மூச்சை விட்டேன். அதற்குப் பிறகு கை வந்து உட்கார்ந்தபோதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் பெரிதாகவே மூச்சுவிட்டேன். வயிறு தூக்கித் தூக்கிப் போடும். லீவு முடிகிற வரைக்கும் இது நடந்தது. இருவரும் இதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

இப்போது மடக்குக் கத்தி வேண்டுமென்றால் போனில் அழுத்தினால் வீட்டுக்கே வருகிறது. அதில் ஸ்க்ரூ நட்சத்திர வாயோடு இருக்கிறது. மழுங்கின ஸ்க்ரூவை எடுப்பது எப்படி என்று ஆளாளுக்கு வீடியோ போடுகிறார்கள். ரப்பர் வைக்கிறார்கள், சூடு காட்டுகிறார்கள், புது வாய் அறுக்கிறார்கள். எல்லாம் மாமா செய்ததுதான். கத்தி ஒரு வயிற்றில் மாட்டியிருந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அப்பாவின் கத்தி ஏதோ ஒரு வருஷத்து உழவில் மண்ணோடு போயிற்று. மாமா கடை இருந்த இடத்தில் போன் கடை. எங்கள் கொல்லையில் பாதி மனைகளாகிவிட்டது. அம்மாவும் இல்லை.

என் மனைவிக்கு என்னிடம் ஒரே குறை, மத்தியானத்தில் நான் விடுகிற குறட்டை. தெருவே எழுந்துகொள்கிறதாம். "ஒரு நாளைக்கு முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வாங்களேன்" என்கிறாள். ஒருக்களித்துப் படுத்தால் நின்றுவிடும், மல்லாந்து படுப்பதால்தான் இவ்வளவும் என்று அவளே வைத்தியமும் சொல்கிறாள். எனக்கும் தெரியும். ஆனால் மல்லாந்து படுத்தால்தானே ஒரு கை வைக்க இடமிருக்கும்.